ஏழாம் மாடி வரை ஒரு பிரார்த்தனை

"என்ன, லிஃப்டை முறைச்சுப் பார்த்துட்டு நிக்கிறீங்க? அது உங்களுக்கு என்ன தப்பு பண்ணுச்சு?"

சாப்பாட்டுப் பையோடு வந்த மனைவி கேட்டபோதும் லிஃப்ட் மெக்கானிக் திறந்திருந்த லிஃப்ட் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புதுக் கயிறு மாட்டியாயிற்று, பிரேக் பார்த்தாயிற்று, சாவியைத் திருப்பி, யார் பொத்தானை அழுத்தினாலும் ஓடும்படி விட்டாயிற்று. பழுது பார்த்தவரே முதலில் ஏறி மேல்மாடி வரை போக வேண்டும் என்பது அவர்கள் தொழில் வழக்கம். ஆனால் போன மாதம் வேறொரு கட்டடத்தில், இரண்டு மாடிக்கு நடுவே இருட்டில் அரைநாள் மாட்டிக்கொண்டதிலிருந்து அவர் கால் உள்ளே போக மறுத்தது. இதுவரை கூட்டாளி இவருக்குப் பதிலாக ஏறிச் சமாளித்தான். இன்று அவன் வரவில்லை.

"சூப்பர்வைசர் போன் பண்ணாரு. இன்னைக்கு ஏறலைன்னா வேலையை விட்டுடுன்னுட்டாரு."

"கயிறு நல்லாத்தானே இருக்கு?"

"யானையையே தூக்கும்."

"அப்ப நான் என்ன, யானையை விடக் கனமா?"

"அதுக்குப் பதில் சொல்லி நான் மாட்டிக்கவா?"

"வாங்க. உள்ள நின்னு ஒரு பிரார்த்தனை பண்ணிட்டு வந்துடலாம். ஏற வேணாம், சும்மா நிப்போம்."

நிற்கத்தானே என்று போனார். அவள் பிரார்த்தனை சொந்தக்காரர்களிடையே பிரசித்தம். ஆரம்பித்தால் ஒருவரையும் விடமாட்டாள், சோறு ஆறிப்போகும். முடியும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது.

"கடவுளே, பெரியப்பா முட்டிவலியைக் கவனி. சின்ன நாத்தனாருக்குப் பொறுமையைக் கொடு, இல்லைன்னா எனக்காவது கொடு..."

சாவியைத் திருப்பியதை அவர் மறந்தே போயிருந்தார். ஏழாம் மாடியில் யாரோ பொத்தானை அழுத்த, கதவு மூடியது. தரை அதிர்ந்தது.

"ஐயோ, கிளம்பிடுச்சு!"

"கண்ணைத் திறக்காதீங்க. கடவுளே, லிஃப்ட் கிளம்பிடுச்சு, நீயும் கூட வா."

அவர் கை தானாக நிறுத்தும் பொத்தானைத் தேடிப் போனது. அழுத்தினால் நிற்கும். நடுவில்தான் நிற்கும். கையை மடக்கிக்கொண்டார்.

"கடவுளே," ஒரு மாதமாக வாயில் வராத வார்த்தை சத்தமாகவே வந்தது. "நான் மாட்டின கயிறு. நீ பிடிச்சுக்கோ."

"கடவுளே, கேட்டியா? பேசிட்டாரு!"

கண்ணை மூடியபடியே அவர் காதைத் தீட்டினார். மேலே கயிறு எங்கும் உரசவில்லை. மடக்கிய விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

கதவு திறந்தது.

"ஒரு வாரமா ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். லிஃப்ட் சரியாயிடுச்சா?" சக்கர நாற்காலியில், மாவுக்கட்டுக் காலோடு ஒரு டீச்சர். "ஏன் ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டு நிக்கிறீங்க? எனக்குப் பயமா இருக்கே!"

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"பயப்படாதீங்க டீச்சர், நானே ஏறிப் பார்த்துட்டேன். வாங்க."

"இருங்க, உங்க அண்ணனுக்கு நான் இன்னும் எதுவுமே கேக்கலை," என்றாள் மனைவி.

"கீழ போறப்போ கேட்டுக்கலாம்," என்று அவரே பொத்தானை அழுத்தினார்.