மூன்றாம் மாடியில் இறங்கிய கைகள்

பதவி உயர்வு கிடைத்து ஐந்தாம் மாடிக்குப் போன முதல் நாள் காலையில், லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்தபோது, பூதக்கண்ணாடி என்று எல்லாரும் கூப்பிடுகிறவளின் கைகள் இரண்டும் மணிக்கட்டோடு கழன்று இறங்கிப் போயின. இரத்தம் இல்லை, வலி இல்லை. செருப்பைக் கழற்றுவதுபோல ஒரு சின்ன விடுபடல், அவ்வளவுதான். விரல்களால் நடந்துபோய், அவளுடைய பழைய மேசைமேல் ஏறி, கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டன. லிஃப்டில் கூட இருந்த இருவர் கொஞ்சம் ஒதுங்கி அவற்றுக்கு வழி விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. முதல் நாளே தாமதமாகப் போகக் கூடாதென்று அவளும் மேலே போய்விட்டாள்.

பூதக்கண்ணாடி என்பது மூன்றாம் மாடிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். மருத்துவமனைகளுக்கு டோக்கன் போட்டுத் தரும் செயலியைச் செய்கிற கம்பெனி அது. எழுதி முடித்ததை ஜனங்களிடம் விடுமுன் சோதித்துப் பார்க்கிற டெஸ்டர் வேலை அவளுக்கு. எல்லாரும் சோதிப்பதுபோல அவள் சோதிக்க மாட்டாள். ஒருநாள் முழுக்கக் கண் சரியாகத் தெரியாத பெரியவராக இருந்து, தப்பான இடத்தில் விரலை வைப்பாள். இன்னொரு நாள் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவாகி, அவசரத்தில் பொத்தானை இரண்டு தடவை தட்டுவாள். ஒரே பிள்ளைக்கு இரண்டு டோக்கன் விழும். விழுந்ததும் மேசையில் தாளம் போடுவாள். அந்தத் தாளம் கேட்டாலே ப்ரோகிராம் எழுதியவர்கள், "ஆரம்பிச்சுட்டாடா மகராசி" என்று தலையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அவள் பார்க்காத எதையும் வெளியே விடமாட்டார்கள். ஐயோ ஆபீஸ் போகணுமே என்று அவள் ஒரு காலையிலும் அலுத்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்ட ஆட்கள் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம். ஆனால் கம்பெனிகளின் வழக்கம் என்னவென்றால், ஒரு வேலையை ஒருத்தர் பிரமாதமாகச் செய்தால், பரிசாக அந்த வேலையையே அவரிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் மேனேஜர் என்று கூப்பிடுவார்கள்.

அவள் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்ல விடுவார்களா? "இன்னும் எத்தனை நாளைக்குடி அடுத்தவன் தப்பத் தோண்டிக்கிட்டே கிடப்ப?" என்று அம்மா கேட்டாள், கேட்ட கையோடு உறவுக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு, மகள் மேனேஜர் ஆகிவிட்டதைச் சொல்லியும் விட்டாள். கைகள் இறங்கிப் போனது தெரிந்தபோதும் அம்மா அசரவில்லை. மேனேஜர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்கிற வேலைதானே, எதற்குக் கை என்றாள். கணவன் நல்ல மனுஷன், ஆறுதல் சொல்லத்தான் வந்தான். "பதவி வந்தா ஏதாவது ஒண்ணு போகத்தான் செய்யும். எங்க மேனேஜருக்கு முடி போச்சு" என்றான்.

ஐந்தாம் மாடியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எல்லாக் காரியமும் வாயாலேயே நடந்தது. மீட்டிங் முடிந்தால், அடுத்த மீட்டிங்கை எப்போது வைப்பது என்பதற்கு ஒரு மீட்டிங். ஆள் விவகாரம் பார்க்கிற அம்மாள் மட்டும் ஒருதடவை விசாரித்துவிட்டு, "வருகைப் பதிவுல விரல் ரேகை மூணாம் மாடில பதியுது, முகம் அஞ்சாம் மாடில பதியுது. ரெண்டும் பதியுது இல்ல? அப்ப எங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று சொல்லிவிட்டார். டைரக்டருக்கோ பரம சந்தோஷம். ஒரே சம்பளத்தில் இரண்டு ஆள் வேலை நடந்தால் எந்த டைரக்டர்தான் குறை சொல்வார்? சாயங்காலம் அவள் லிஃப்டில் இறங்கும்போது, மூன்றாம் மாடியில் கைகள் காத்திருக்கும். ஏறி வந்து பொருந்திக்கொள்ளும், மறுநாள் காலையில் மறுபடி இறங்கிக்கொள்ளும். இப்படியே ஒரு வருஷம் ஓடிற்று. அவள் மோசமான மேனேஜர் என்று யாரும் சொல்ல முடியாது. படித்தாள், பயிற்சிக்குப் போனாள், பேசவேண்டிய இடத்தில் பேசினாள். ஆனால் காலையில் எழும்போதே நெஞ்சு கனத்தது. டீ குடிக்கிற சாக்கில் மூன்றாம் மாடிக்கு இறங்கிவந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று தன் கைகளைப் பார்ப்பாள். அவை சொடக்குப் போட்டுக்கொள்ளும், தேடும், தட்டும். ஒரு தப்பு சிக்கினால் மேசையில் தாளம் போடும். சொந்தக் கைகள்மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. துடைத்துக்கொள்ளத்தான் வழியில்லை.

அப்புறம் கைகள் தாமதமாக வர ஆரம்பித்தன. சில நாள் லிஃப்ட் கதவைத் தோளால் தடுத்து நிறுத்திவைத்து அவற்றுக்காக நிற்க வேண்டியிருந்தது. செயலியின் புதிய பதிப்பு வெளிவர இருந்த வாரத்தில் அவை வரவே இல்லை. சரி, வேலை மும்முரம், நாளைக்கு வரும் என்று வெறும் மணிக்கட்டோடு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையில்லாமல், கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கணவன் மருந்து ஊற்றிக் கொடுத்தான், ஈரத்துணி போட்டான், எல்லாம் செய்தான். ஆனால் பிள்ளைக்கு அம்மா தலையைக் கோதிவிட வேண்டும். "அம்மா, உன் கை இனிமே வராதா?" என்று கேட்டது. "வரும்டா செல்லம்" என்றாள். அவள் சொன்னதை அவளே நம்பவில்லை. பதவியைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் மேலே இருந்தால் அவை ஒரேயடியாகப் போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

காய்ச்சல் விட்டதும் டைரக்டரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அவளுக்காக வருத்தப்பட்டார். "நல்லா யோசிச்சுக்கோங்கம்மா. இறங்கிட்டா திரும்பி ஏறுறது கஷ்டம். உங்களுக்கு அப்புறம் வந்தவங்கல்லாம் உங்களத் தாண்டிப் போயிடுவாங்க" என்றார்.

"போகட்டும் சார். என் கை கீழதான் இருக்கு. மிச்சத்தையும் அங்கயே கொண்டுபோயிடறேன்" என்றாள்.

கைகள் உடனே ஒன்றும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளவில்லை. பழைய நாற்காலியில் அவள் உட்கார்ந்ததும் மேசையின் அந்த ஓரத்துக்கு நகர்ந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. கோபம் இருக்காதா பின்னே? அவள் திரையைப் பார்த்து, "இந்த இடத்துல பேரே போடாம அழுத்தினா என்ன ஆகும்?" என்று தனக்குத்தானே கேட்டாள். ஆசை யாரை விட்டது! ஒரு விரல் திரும்பியது, அப்புறம் இன்னொன்று. மத்தியானத்துக்குள் இரண்டும் வந்து பொருந்திக்கொண்டன. அம்மாதான் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி" என்று புலம்பினாள். பிறகு ஒருநாள் பேத்தியின் தலையை மகள் கோதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்டவர்களிடம் தானே சொல்லத் தொடங்கினாள், என் பொண்ணு டெஸ்டர் என்று.

அதற்குச் சில மாதம் கழித்து, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், டைரக்டர் தனியாகப் படியிறங்கி மூன்றாம் மாடிக்கு வந்தார். அவருடைய கோட்டின் இரண்டு கைகளும் நுனியில் தொளதொளவென்று தொங்கியதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். இத்தனை வருஷமாக யாரும் பார்க்கவில்லை. அந்த உயரத்தில் கதவு திறக்க ஆள், டைப் அடிக்க ஆள், லிஃப்டை அழைக்கக்கூட ஆள் உண்டு. கம்பெனியின் முதல் ப்ரோகிராமை எழுதியவர் அவர்தான் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏம்மா, என்னோடத எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"கீழ்த்தளத்துல பழைய சர்வர் ரூம்ல ரெண்டு கை இருக்கு சார். ரொம்ப வருஷமா எதையோ எழுதிக்கிட்டே இருக்கு. யாரோடதுன்னு தெரியல. அதுபாட்டுக்கு நல்லா வேலை செய்யுதேன்னு நாங்க யாரும் தொந்தரவு பண்றதில்ல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் எழுதுதா?"

"நிறுத்தவே இல்ல சார்."

அவள் லிஃப்ட் வரை கூடவே போனாள். உள்ளே போனவர் பொத்தான்களைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அவள் கையை உள்ளே நீட்டி, கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டாள்.