நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஓர் அறை

1

இந்தக் கதை எனக்கு வரி அலுவலகத்தில் கிடைத்தது. ஏழாம் கவுண்ட்டரில் இருந்த பெண் அதிகாரி திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வானத்திலிருந்து எடுத்த எங்கள் தெருவின் படம். நாற்பது ஆண்டுகளாக நான் நடந்த தெரு. அதில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நீல ஆறு.

எங்கள் தெருவில் குழாயிலேயே தண்ணீர் வராது.

(“அரசாங்கம் மக்களைக் கசக்கிப் பிழிந்த ஆண்டு அது” என்றும் தொடங்கிப் பார்த்தேன். மேடையில் கத்துவது மாதிரி இருந்தது. ஆறே இருக்கட்டும்.)

2

ஆறு வந்த விதம் இது. வீட்டு வரி, கட்டடத்தின் பரப்பளவைப் பொறுத்தது. பதிவில் இல்லாத அறைகளைக் கண்டுபிடிக்க மேலிருந்து படம் எடுக்கப்போகிறோம், அகப்பட்டால் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. தெரு கொதித்தது. ஒரே சாலையை மூன்று முறை தோண்டியவர்கள், நேரம் காட்டாத மணிக்கூண்டு கட்டியவர்கள், இப்போது மொட்டைமாடியை எட்டிப் பார்க்கிறார்களாம்.

“தண்ணி வரல, குப்பை வண்டி வரல, வரி நோட்டீஸ் மட்டும் டாண்ணு வருது” என்றார் சலூன்காரர், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

“மேலேர்ந்து தெரிஞ்சாத்தானே? மூடிட்டா?” என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். அவரிடம் நீலத் தார்ப்பாய் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரே வாரத்தில் தீர்ந்தது.*

“பில்லுல கடைசியா என்னய்யா போட்டிருக்கே?” என்றார் வாங்க வந்த ஒருவர்.

“அது தார்ப்பாய்க்கு வரி.”

* என் மாடியிலும் ஒன்று இருக்கிறது. அது மழைக்காகப் போட்டது.

3

இனி கதாபாத்திரம். முதலில் இவரை “என் நண்பர்” என்று எழுதினேன். அடித்தேன். “எதிர்வீட்டுக்காரர்” என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அவன் என் உடன்பிறந்த தம்பி. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். தெரு இன்னும் அவனை “ஸ்டேஷன்” என்றுதான் கூப்பிடுகிறது. எங்கள் குடும்பத்தில் எவரும் எந்த அலுவலகத்திலும் தலைகுனிந்து நின்றதில்லை. இதை எழுதக் கை ஓடுகிறது. அடுத்ததற்கு ஓடவில்லை.

அவன் மாடியில் ஓர் அறை இருக்கிறது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவன் மகள் இரண்டு பெட்டிகளோடு கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். ஏனென்றால்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அது அவளுடையது.)

அறை கட்ட அனுமதி கேட்டால், யாருக்கு என்று சொல்ல வேண்டும். தம்பி கேட்காமலே ஒரு மாதத்தில் கட்டினான். விசாரித்தவர்களிடம், “பொண்ணு லீவுக்கு வந்திருக்கா” என்றான். அந்த வாக்கியத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நான் எழுதியவற்றில் இவ்வளவு காலம் புழக்கத்தில் இருந்தது வேறெதுவும் இல்லை.

அந்த அறையில் அவள் பல்செட் செய்கிறாள். ஊரின் பாதிப் பல் மருத்துவர்கள் அவளிடம்தான் கொடுக்கிறார்கள். சலூன்காரர் வாயில் இருப்பது அவள் கைவேலை. அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான், “லீவு இன்னும் முடியலையாம்மா?” என்று அவளிடமே கேட்பார்.

4

நோட்டீஸ் வந்ததும் தம்பி சண்டைக்குத் தயாராகவே புறப்பட்டான். நானும் துணைக்குப் போனேன். புதுக் கட்டடம். கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, கூடத்தின் நடுவே நீரூற்று.

“நம்ம குழாய்த் தண்ணி எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதாண்ணே?” என்றான். சொல்லிவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தான். அத்தனை உயரம். அவன் குரல் தானாகவே தணிந்தது.

“எல்லாரும் மூடிட்டீங்க சார். எங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு” என்றார் அதிகாரி, சிரிக்காமல். “நீலமா இருக்கற இடத்தையெல்லாம் குறிச்சுக்கிட்டோம்.”

தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துபோன ஒரு தெரு மேலிருந்து பார்த்தால் இத்தனை அழகாக இருக்குமா? இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மறுபடியும் படம் எடுப்பார்கள். அதற்குள் மூடியதை எடுத்துவிட்டு, மறுநாளுக்குள் படிவம் கொடுத்தால் அபராதம் இல்லை. படிவத்தின் கடைசிக் கட்டம்: அறையில் வசிப்பவர், உறவு, எவ்வளவு காலமாக.

தம்பியின் பேனா அங்கே நின்றது.

“அபராதமே கட்டிடலாம்ணே. எவ்வளவா இருந்தாலும் சரி.”

நான் தலையாட்டினேன்.

5

செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மழை பெய்து படம் எடுப்பதே நின்றுபோகிறது. மற்றதில் தம்பி கவுண்ட்டர் முன்னால் ஓர் உரை ஆற்றுகிறான். குடும்பத்துக்குப் பொருத்தமான உரை. தம்பி மகள் இரண்டையும் படிக்கவில்லை.

பத்தேமுக்காலுக்கு மாடியில் சத்தம் கேட்டுத் தம்பி ஏறிப் போனான். மெழுகு செதுக்கும் கத்தியால் அவள் தார்ப்பாயின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பண்றே?”

“ஒரு மாசமாப் பகல்லயே லைட் போட்டுப் பல்லு செய்யறேன். நிறமே தெரியல. சலூன்காரருக்குக் குடுத்த புதுப் பல்லு மஞ்சளாப் போச்சு.”

“வரி ஏறும்மா.”

“ஏறட்டும். அப்பா, நீங்க மறைக்கறது ரூமையா, என்னையா?”

முப்பது ஆண்டுகள் ரயில்களை நிறுத்தியும் அனுப்பியும் பழகிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. பிறகு அவன் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தான். போர்வை மடிப்பதுபோல் இருவரும் மடித்தார்கள்.

பக்கத்து மாடியில் ஒரு கயிறு அவிழ்ந்தது. அதற்கடுத்த மாடியில் ஒன்று. யாராவது ஆரம்பிக்கட்டும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. நீலம் விலக விலக ஆட்கள் வெளியே வந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு மாமனார், தையல் மிஷினோடு ஒரு நாத்தனார், யாருக்கும் தெரியாமல் குடிவைத்த இரண்டு மாணவிகள். எங்கள் தெருவில் இவ்வளவு பேர் இருந்தார்களா? என் மாடித் தார்ப்பாய்க்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ட்ரோன் ரீங்கரித்துக்கொண்டு வந்தது. தம்பி மகள் உள்ளே போகவில்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து தெருவுக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

“பெரியப்பா! அங்க மட்டும் மழை பெய்யுதா?”

6

மாலையில் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். எல்லாம் நிரப்பியிருந்தாள், கடைசிக் கட்டம் தவிர.

“லீவுன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே? இதையும் நீங்களே எழுதிடுங்க.”

நாளை கடைசி நாள். பேனா திறந்திருக்கிறது. கட்டம் அரை விரல் அகலம்தான். நான் முடிக்காமல் விட்ட எந்த வாக்கியமும் அதில் அடங்காது. “மகள். பதினொரு ஆண்டுகளாக.” இவ்வளவுதான் அடங்கும். அதை எழுதினேனா என்று இங்கே சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமைப் படம் ஏழாம் கவுண்ட்டரில் இருக்கும். யார் கேட்டாலும் காட்டுவார்களாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவள் மாடிக்கு நேர் எதிரே பாருங்கள். அங்கே இன்னும் நீலமாக இருக்கிறதா, இல்லை, கையில் கயிற்றோடு ஒரு கிழவன் அண்ணாந்து நிற்கிறானா? பார்த்துவிட்டு நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.