சாவு வீட்டில் எரிந்த நெருப்பு

கொல்லையில் எரிந்துகொண்டிருந்த உலையை அணைக்கத் துரைக்கண்ணு வாளியோடு கிளம்பியதும், புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இசைவாணி எழுந்து ஓடினாள்.

“ஊத்தாதீங்க மாமா!”

“சாவு விழுந்த வீட்ல நெருப்பு எரியலாமாம்மா? தெருவுல ஒருத்தர் அடுப்பு பத்த வைக்கல. நம்ம கொல்லையில பொகை போவுது. ஊரு என்ன பேசும்?”

செத்துப்போன தமிழ்மாறனுக்கு அவர் அண்ணன். சொன்னதிலும் தப்பில்லை. பிணம் எடுக்கும்வரை குத்தாலத்தில் அந்தத் தெருவே அடுப்பை மறந்துவிடும். தமிழ்மாறனோ காலையில் உலையை மூட்டிவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சாகிறவன் சடங்கு பார்த்தா சாகிறான்?

உலைமேல் மூடிய இரும்பு டிரம். அதற்குள் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறிய சவுக்கு மரத்தூள். சீரான சூட்டில் பொழுது சாயும்வரை வெந்து, ஆறியபின் அமிலம் போக அலசினால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன் கரி. நடுவில் அணைந்தால் குப்பை. போன தடவை மழையில் அப்படித்தான் போயிற்று. தெருமுனைத் தொட்டியில் போர்த் தண்ணீரின் மஞ்சளையும் நாற்றத்தையும் இழுத்துக்கொள்வது அந்தக் கரிதான். போட்டிருந்த கரி ஓய்ந்துபோய், குடத்தில் மறுபடியும் மஞ்சள் வரத் தொடங்கியிருந்தது.

“தெருவுக்கு வாக்கு குடுத்துருக்காரு மாமா. இதுவும் கெட்டுப்போனா எனக்குத் திரும்பச் செய்யத் தெரியாது.”

துரைக்கண்ணு வாளியை வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் போனார்.

இசைவாணி ஒப்பாரிக்கு நடுவே எழுந்து எழுந்து வந்து விறகு தள்ளினாள். பிணத்தை எடுத்ததும் ஆண்கள் பின்னால் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டு ஈரக்காலோடு வந்து பார்த்தாள். விறகு தீர்ந்திருந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் விறகுக்கட்டோடு எதிர்வீட்டு அமிர்தம் வந்தாள். பின்னால் அடுத்த வீட்டுப் பூவிழி, இன்னும் நாலைந்து பெண்கள். எல்லோர் கையிலும் விறகு.

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“இன்னைக்கு யாரு வீட்ல அடுப்பு எரிஞ்சுது? சும்மாக் கெடந்த வெறகுதான். தள்ளிக்க, நான் போடுறேன்.”

இசைவாணிக்கு அவர்கள் காலில் விழவேண்டும் போலிருந்தது. தமிழ்மாறன் இருந்திருந்தால் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டிருப்பான். அவனுக்கும் சேர்த்து அவள் கும்பிட்டாள்.

சுடுகாட்டிலிருந்து ஈரவேட்டியோடு திரும்பிய துரைக்கண்ணு, கொல்லையில் பெண்கள் கூடியிருப்பதைப் பார்த்து நின்றார்.

“இன்னும் எவ்வளவு நேரம் எரியணும்?”

“பொழுது சாயுற வரைக்கும் மாமா.”

“நீ போய் ஒரு வாய் சாப்புடு” என்று அவள் கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டு உலைமுன் குந்தினார்.