பூட்டுக்காரர் விடாத கை

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், பிள்ளை பெற்றிருந்த மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பிய அன்று, தன் இடது கையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போனார். மறதி இல்லை, வேறு வழியில்லை. வீட்டில் உட்கார்ந்தால் அடுப்படி வரை வந்து தாளிப்புக்கெல்லாம் பிரேக் போடுகிறார் என்று மனைவி விரட்டியதில், அவர் அந்த ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகச் சேர்ந்திருந்தார். ஆள் துணையில்லாத நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேலை. அதற்கு ஒரே விதி: நோயாளி விடுகிற வரை நாம் விடக் கூடாது. அன்று காலை அவருக்கு வாய்த்தவர் ஒரு பூட்டு ரிப்பேர்காரர். ஆயுசு முழுக்கத் துருப்பிடித்த பூட்டுகளோடு மல்லுக்கட்டிய பிடி. ஆபரேஷன் தள்ளிப்போகத் தள்ளிப்போக அந்தப் பிடி இறுகியது. வாசலில் டாக்சிக்குள்ளிருந்து மனைவி போன் மேல் போன் போட்டார். ஓட்டுநர் மெல்ல இழுத்துப் பார்த்தார். கை மணிக்கட்டோடு கழன்றது. ரத்தமில்லை, வலியில்லை, சட்டைப் பொத்தான் கழல்கிற மாதிரி.

"நீங்க கெளம்புங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார் நர்ஸ், குடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் குரலில்.

டாக்சியில் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போன தடவை மூக்குக்கண்ணாடிய விட்டுட்டு வந்தீங்க. இப்ப கை. அடுத்த தடவை தலைய விட்டுட்டு வாங்க, பெருசா வித்தியாசம் தெரியாது." விமான நிலையத்தில் அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டார்கள். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கழன்ற கை ஆஸ்பத்திரியிலிருந்தே அவருக்கு எல்லாவற்றையும் தெரிவித்துக்கொண்டிருந்தது. மகள் வீட்டில் காய் நறுக்க முயலும்போது, "இப்ப வேர்க்குது அவருக்கு" என்பார். சாப்பிடும்போது, "சில்லுன்னு ஆயிட்டாரு" என்று தட்டைத் தள்ளிவைப்பார். இதற்கு நடுவே தொட்டிலில் பேத்தி. மகள் குழந்தையை நீட்டும்போதெல்லாம், "வேணாம்மா, ஒத்தக் கை, நழுவிரும்" என்று இரண்டடி பின்னால் போவார். நெரிசலில் வண்டியை அசங்காமல் ஓட்டியவர், அரைத்தூக்கத்தில் சிணுங்கும் ஒரு பொட்டலத்தைக் கண்டு நடுங்கினார். பாலை ஆற்றினார், துணி மடித்தார், தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார், தூக்குவது மட்டும் இல்லை. ஊர் திரும்பும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நர்ஸ் போன் செய்தார். ஆபரேஷன் முடிந்தும் பூட்டுக்காரருக்கு நினைவு திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று டாக்டர்களும் கைவிரித்துவிட்டார்கள். "உங்க கை நல்லா இருக்கு சார், நகமெல்லாம் வெட்டி விட்டிருக்கோம். வேணும்னா அவர் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்து பார்சல் போட்டுடறோம். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் தொட்டிலை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமேம்மா" என்றார் போனில். "பிரிக்காதீங்க. அவரா விடட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, அதன் பிறகு காலண்டரையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விடாமலே இருந்துவிட்டால் பேத்தியை ஒருமுறைகூடத் தூக்காமல் விமானம் ஏற வேண்டியதுதான். விட்டுவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். எதை வேண்டிக்கொள்வது என்று புரியாமல் எதையும் வேண்டாமல் இருந்தார். ஒரு மத்தியானம், குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். இல்லாத கையில் பிடி ஒருமுறை இறுகி, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விலகியது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எறங்கிட்டாரு" என்றார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

புறப்படும் தேதிக்கு முன்பே பார்சல் வந்துவிட்டது. மேலே 'பயன்படுத்திய பொருள், விற்பனைக்கு அல்ல' என்று சுங்கத்தார் முத்திரை. ஆஸ்பத்திரி சோப்பு வாசனையோடு இருந்த கையை மாட்டிப் பார்த்தார், பொருந்தியது. விரல்கள்தான் நிமிரவில்லை. பூட்டுக்காரர் கையை ஏந்திக்கொண்டிருந்த வளைவிலேயே நின்றுபோயிருந்தன. உருவிவிட்டும் பலனில்லை, வெந்நீர் ஒத்தடத்துக்கும் மசியவில்லை. மகள் அந்த வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் பின்வாங்குவதற்குள் குழந்தையை மடியில் கிடத்தித் தலையை அதில் வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, அந்தக் கை மட்டும் நடுங்கவில்லை.

மறுநாளிலிருந்து பேத்தியைக் குளிப்பாட்டுவது அவர் பொறுப்பானது. சோப்பு கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று கதவோரம் நின்று பதறும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டார்.