லாசரஸ் இருக்கிறாரா?

சிலுவைராஜ் தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நம்பியிருந்தான். மனைவி பிரிஜட் அதை மறுத்ததில்லை. மறுத்து மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? எழுபத்தாறாம் வருஷம் புருணையில், செரியா எண்ணெய் வயலில் ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, பிடோக் வீட்டில் இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துவிட்டுத்தான் போனான்.

முதலாவது, டெலிபோனுக்குப் பூட்டு. டயல் ஓட்டையில் மாட்டுகிற சின்னப் பூட்டு, சிராங்கூன் ரோட்டில் வாங்கியது. வருகிற அழைப்பை எடுக்கலாம். இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. உள்ளூர் அழைப்புக்குத் தனிக் காசு கேட்காத ஊரில் பூட்டு எதற்கு என்று பிரிஜட் கேட்டாள். "பூட்டு இருந்தா ஒரு பயம் இருக்கும் லா" என்றான். யாருக்கு என்று சொல்லவில்லை. சொன்னவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். தபாலில் அனுப்பச் சொல்லி அவள் எழுதியதற்கு, தபாலில் சாவி அனுப்புவது பாதுகாப்பில்லை என்று பதில் வந்தது.

இரண்டாவது, பட்டியல்.

வெளிநாட்டிலிருந்து ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பெர்சனல் கால் என்று ஒன்று அப்போது இருந்தது. எக்ஸ்சேஞ்சுப் பெண் கூப்பிட்டு, இன்னார் இருக்கிறாரா என்று கேட்பாள். அந்த ஆள் இருந்து பேசினால் காசு. இல்லையென்றால் காசில்லை, வணக்கம், வைத்துவிடலாம். இல்லாத ஆளைக் கேட்டுக் கூப்பிட்டால் செய்தி ஓசியில் வந்து சேரும் என்று கண்டுபிடித்தவன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று சிலுவைராஜ் நினைத்துக்கொண்டிருந்தான்.

பட்டியலில் ஐந்து பெயர்கள். ஜெயரத்தினத்தைக் கேட்டால் நலம். ஜலாலுதீன் என்றால் லீவு தள்ளிப் போய்விட்டது. துரைசாமி, காய்ச்சல், பயப்படாதே. அழகப்பன், ஆஸ்பத்திரி, பயப்படலாம். இராஜசிங்கம் என்றால் லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கோவில் ஜனம் வந்துபோகிற வீடு, நிஜமாகவே ஒரு சூசைநாதன் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அதற்கும் யோசித்திருந்தான். மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துவிடச் சொன்னான். அவள் கிழிக்காமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் பகல் பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. பிரிஜட் தமிழ்ப் பூசை முடிந்ததும் தேக்கா மார்க்கெட்டில் கால் வைக்காமல் பஸ் பிடித்து ஓடிவருவாள். எப்போதும் ஒரே தமிழ்ப் பெண்தான் லைனில்.

"செரியாவிலேருந்து பெர்சனல் கால். மிஸ்டர் ஜெயரத்தினம் இருக்காரா?"

"இல்லீங்க."

"எப்ப வருவாரு?"

"தெரியாதுங்க."

அவ்வளவுதான். ஒரு தடவை வாய் தவறி "அடுத்த ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிவிட்டாள். ஒப்பந்தத்தில் இல்லாத பேச்சு பேசினால் எக்ஸ்சேஞ்சில் சந்தேகம் வரும் என்று அதற்கு இரண்டு பக்கக் கடிதம் வந்தது. இவள் பேசுவது அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்கும். அவன் இருமுவது சில நாள் இவளுக்குக் கேட்கும். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது என்று பார்த்தால் பதினான்கு மாதத்தில் இவள் பக்கத்தில் ஒரு 'இல்லீங்க', அவன் பக்கத்தில் ஓர் இருமல்.

பக்கத்து வீட்டுச் சிவகாமசுந்தரி ஒரு ஞாயிறு வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டாள்.

"யாரு அது ஜெயரத்தினம்?"

"ராங் நம்பர்க்கா."

"போன வாரமும் ராங் நம்பர்தானே வந்துச்சு?"

"அதே ராங் நம்பர்தான்" என்றாள் பிரிஜட். அவளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

ஜெயரத்தினம் அநேகமாக வாராவாரம் வந்தார். ஜலாலுதீன் மூன்று தடவை வந்து அவளை அழவைத்துவிட்டுப் போனார். துரைசாமி ஒரே தடவை. இராஜசிங்கம் மட்டும் எட்டிப்பார்க்கவே இல்லை. அந்த மனுஷன் மேல் அவளுக்கு நிஜமாகவே கோபம் இருந்தது.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மணி அடித்தது. வாயில் 'இல்லீங்க'வைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தாள்.

"செரியாவிலேருந்து பெர்சனல் கால். மிஸ்டர் லாசரஸ் இருக்காரா?"



"யாருங்க?"

"லாசரஸ்."

"ஒரு நிமிஷம் இருங்க" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பட்டியலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். லாசரஸ் இல்லை. இருக்கவும் கூடாது, வேதக்காரர் பெயர். அவளுக்குத் தெரிந்த லாசரஸ் சுவிசேஷத்தில் வருகிறவர் ஒருவர்தான். வியாதியாய்ப் படுத்தார், செத்தார், நாலு நாள் கல்லறையில் கிடந்தார். பிறகு எழுந்து வந்தார் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. அழகப்பனுக்கும் மேலே ஒரு பெயர் வைத்து, சொல்லாமல் போய்விட்டானா? கூப்பிடுவது அவன்தானா, அவன் சாமான்களைக் கட்டிவைத்துவிட்டு வேறு யாராவது கூப்பிடுகிறார்களா?

"ஏங்க, கூப்பிடுறது யாருங்க? ஆம்பளைக் குரல்தானே? நல்லா இருக்காரா?"

"மேடம், நான் அதெல்லாம் சொல்லக் கூடாது. லாசரஸ் இருக்காரா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

"இந்த லாசரஸ் நல்ல லாசரஸா, கெட்ட லாசரஸா?"

லைனில் இருமல்கூட இல்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது. அந்தப் பக்கம் இருமாமல் நிற்கிறவன் தன் புருஷனாக இருக்க முடியாது என்றே முடிவு செய்துவிட்டாள். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரைக்கும் ஏழு நாள். திருப்பிக் கூப்பிட வழியில்லை, சாவி செரியாவில்.

"மேடம், லாசரஸ் இல்லைன்னு போட்டுக்கவா?"

"இருக்காரு" என்றாள் பிரிஜட்.

"இருக்காரா?"

"இருக்காருங்க. குடுங்க."

"லாசரஸ்தான் பேசணும் மேடம். அவரை லைனுக்கு வரச் சொல்லுங்க."

பிரிஜட் ஆளில்லாத வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"நான்தான் லாசரஸ்" என்றாள்.

பதினான்கு மாதமாக வாராவாரம் ஜெயரத்தினத்தைத் தேடி அலுத்திருந்த அந்தப் பெண் ஒரு விநாடி யோசித்தாள். பிறகு, எதற்கும் அசையாத அதே குரலில், "மூணு நிமிஷம். பேசுங்க மிஸ்டர் லாசரஸ்" என்று சொல்லிவிட்டு, டொக்கென்று லைனை விட்டு விலகிக்கொண்டாள்.

"என்னங்க? யாருங்க பேசுறது? அவருக்கு என்ன ஆச்சு?"

"நான்தான்."

அவன் குரல்தான். மெலிந்து, கடலுக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருந்தா ஜெயரத்தினத்தைக் கேக்க வேண்டியதுதானே? லாசரஸ் லிஸ்ட்டுலயே இல்லையே! நான் செத்துப் பொழைச்சேன். லாசரஸ்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

அவன் இருமினான்.

"லிஸ்ட்டுல இருக்கிற பேரைச் சொன்னா, நீ இல்லைன்னு சொல்லிடுறியே பிரிஜட்."

அவளுக்கு முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. அடப் பாவி மனுஷா என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினான்கு மாதத்துக்கும் சேர்த்து வாய்விட்டு அழுதாள்.

"அழாதே லா" என்றான் சிலுவைராஜ். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. ஏதாவது பேசு."