வெறும் காலனி

எண்பத்தொன்பதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். பி.காம்., டைப்பிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். நசரத்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் டிகிரி முடித்த முதல் ஆள். எங்கள் பக்கம் ஊர் தனி, காலனி தனி. சேரிக்கு சர்க்கார் வைத்த பெயர்தான் காலனி. வேலைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் முகவரிக்கு விட்டிருந்த கோடு சின்னது; ‘காலனி’ எழுத இடம் பத்தவில்லை, விட்டுவிட்டேன். அந்த இடப் பற்றாக்குறையில்தான் வேலை கிடைத்தது என்று உள்ளே போன பிறகு தெரிந்தது.

அந்த வருடம் இருபது அப்ரண்டிஸ் எடுப்பதற்கு நானூறு விண்ணப்பம் வந்தது. பர்சனல் ஆபீசர் பக்தவத்சலம் நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர். யாரையும் ‘நீ’ என்று கூப்பிட மாட்டார். விண்ணப்பக் கட்டை என் மேஜையில் வைத்தார்.

“நாகவல்லி, அட்ரஸ்ல காலனின்னு இருந்தா தனியா எடுத்து வெச்சிடுங்க. அதுங்களுக்கு இன்டர்வியூ கார்டு வேணாம்.”

“ஏன் சார்?”

“தூரம்மா. டைமுக்கு வரமாட்டாங்க.”

எஸ்டேட்டை ஒட்டியே ஒரு காலனி இருக்கிறது. எங்கள் கம்பெனி சங்குக்குத்தான் அங்கே அடுப்பு மூட்டுவார்கள்.

அன்றைக்கே அப்ரண்டிஸ் விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு மொட்டைக் கடுதாசி எழுதினேன். அம்பத்தூர் முத்திரை விழக்கூடாதென்று வானகரத்தில் இறங்கிப் பெட்டியில் போட்டேன். என் வீரம் அவ்வளவுதான். ஒன்றாம் தேதி எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை ஒருவருக்கும் மாதச் சம்பளம் என்று வந்ததில்லை.

பிறகு சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்தேன். காலனி என்றிருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். எழுபத்தோரு விண்ணப்பம்.

பத்து நாள் கழித்து பக்தவத்சலம் என் மேஜைக்கு வந்தார்.

“என்னம்மா நீ, ஒர்க்ஸ் மேனேஜர் அக்கா பையனுக்கு கார்டே போகலையாம்?”

“காலனி சார். கொரட்டூர் பேங்க் ஆபீசர்ஸ் காலனி.”

“அது அந்தக் காலனி இல்லம்மா.”

“எந்தக் காலனி சார்?”

அவர் ஃபேனைப் பார்த்தார். “காலனின்னா காலனிதான். உனக்குப் புரியாதா?”

“புரியல சார். மறுபடி தப்பாயிடும். எழுதிக் குடுத்திடுங்க.”

எழுதிக் கொடு என்றால் ஆபீசருக்குக் கை தானாகப் பேனாவுக்குப் போகும். சீட்டில் எழுதினார்: ‘ஆபீசர்ஸ் காலனி, டீச்சர்ஸ் காலனி, ஹவுசிங் போர்டு காலனி - அனுப்பலாம். வெறும் காலனி - வேண்டாம்.’ கீழே தேதியோடு சுருக்கொப்பம் வேறு. இருபத்திரண்டு வருஷமாக நான் எங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு அன்றுதான் சரியான பெயர் கிடைத்தது.

சீட்டில் சொன்னபடி கட்டைப் பிரிப்பதற்குள் மறுநாள் காலை அரசு அதிகாரி வந்துவிட்டார். பெயர் அருள்தாஸ். சர்க்கார் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யூனியன் செயலாளர் கஜபதியையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் எடுத்து வைத்த கட்டோடு நின்றேன்.

பக்தவத்சலம் கட்டைப் பிரித்துப் பரப்பினார். “பாருங்க சார், எங்க ஒர்க்ஸ் மேனேஜர் அக்கா பையனே இதுல இருக்கான். இதுல சாதி எங்க சார் வந்துது? டைப்பிஸ்ட் புதுசு. ஃபைலிங் மிஸ்டேக்.”

என் கெட்டிக்காரத்தனம் எனக்கெதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

கஜபதி தொண்டையைச் செருமினார். “அதெல்லாம் நம்ம கம்பெனில கெடயாது சார். அல்லாரும் ஒண்ணா குந்திகினு துன்றோம். எவனோ மொட்டக் கடுதாசி போட்டு தொழிலாளி ஒத்துமையக் கெடுக்கறான்.”

‘எவனோ’. ஒரு பெண் எழுதியிருப்பாள் என்று தோழருக்குத் தோன்றவே இல்லை.

அருள்தாஸ் ஃபைலை மூடினார். “பேர் இல்லாத லெட்டர். நான் என்ன பண்ணட்டும்?”

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. சீட்டு என் கைப்பையில் இருந்தது.

“லெட்டர் நான் எழுதினது சார்,” என்று சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

இரண்டு தரம் படித்தார். “வெறும் காலனின்னா என்ன சார்?”

பக்தவத்சலம் கஜபதியைப் பார்த்தார். கஜபதி எழுந்துவிட்டார். “எனக்கு கேட்டாண்ட ஆளுங்க வெயிட் பண்ணிகினு கீறாங்க சார்.”

எழுபத்தோரு பேருக்கும் கார்டு அனுப்பச் சொல்லி எழுத்து மூலமாக உத்தரவு வந்தது. எனக்கும் ஒன்று வந்தது: கோப்புப் பணியில் கவனக்குறைவு, நிரந்தரம் செய்வதற்கில்லை. அதைக் கொடுத்தபோது பக்தவத்சலத்துக்குப் பழைய மரியாதை திரும்பியிருந்தது. “உங்க திறமைக்கு இது சின்ன இடம், நாகவல்லி,” என்றார்.

கடைசி நாள் முழுக்க கார்டு அடித்தேன்.

“அஞ்சாச்சும்மா, கெளம்புங்க. பாக்கிய நாளைக்கு யாராவது அடிப்பாங்க,” என்றார் பக்தவத்சலம்.

“யாரும் அடிக்க மாட்டாங்க சார். இன்னும் பதினேழு கீது.”

ஆறு மாதமாக அந்த ஆபீசில் ‘இருக்கு’ என்றே பேசி வந்தவள் நான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடிக்க அடிக்க உருவிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். நடுவில் அவர் பேனாவில் மை தீர்ந்தது. என்னுடையதைக் கொடுத்தேன். கடைசிக் கார்டு முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.