ஜவாத் சொன்ன முடிவு

“முடிவைச் சொல்லிப்போட்டானாம்! அதுக்கு ஒரு குமர்ப் பொண்ணு கலியாணத்த நிப்பாட்டுவாளாடி?”

பக்கத்து வீட்டுச் சுல்பிகாவின் சத்தத்துக்கு நாங்கள் மதிலோரம் போகத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் போனோம்.

“நான் இன்னும் பாத்து முடிக்கல்ல எண்டு அவருக்குத் தெரியும் உம்மா. பொறுமை இல்லாத மனிசன்,” என்றாள் மகள் றிபா.

விசயம் இதுதான். கொரியா நாடகம் ஒன்று. ஓர் அரண்மனைக் காவலனும் இளவரசியும் செத்துச் செத்துப் பிறக்கிறார்கள். ஒவ்வொரு பிறப்பிலும் அவனுக்கு எல்லாம் ஞாபகம், அவளுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. றிபா அதைக் கிழமைக்கு ஒரு பாகமாக, கண்ணீரை மிச்சம்பிடித்துப் பார்த்துவந்தாள். பேசி முடித்த மாப்பிள்ளை ஜவாத், அவளோடு கதைக்க ஒரு சாட்டு வேண்டுமென்று தானும் பார்த்தார். பார்த்தவர் முந்திப்போய்க் கடைசிவரை பார்த்துவிட்டு, ‘ரெண்டு பேரும் சேரமாட்டாங்க, மினக்கெடாதீங்க’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

“அந்தக் காவலன் எத்தின பிறப்புக் காத்திருந்தான்! இவருக்கு ரெண்டு கிழம வாயப் பொத்திக்கொண்டு இரிக்க ஏலாதா?”

“நமக்கு ஒரே பிறப்புதான்டி! அதுக்குப் பிறகு கப்றுக் குழிதான். அந்த ஒண்டுக்குள்ள உன்னக் கட்டிக்குடுத்துட்டுப் போக உடு!”

மாப்பிள்ளையின் உம்மா மைமூனாவிடம் இதை எப்படிச் சொல்வது? மறுபிறப்பு நாடகத்தால் கலியாணம் நின்றதென்றால், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் ஆம்பிளைகளின் வாயில் அல்லவா விழ வேண்டும்? சுல்பிகா புருசனைக்கூடக் கேளாமல் யோசித்து, “ஊடு இன்னும் முடியல்ல, தரைக்கு மாபிள் பதிக்கணும், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லியனுப்பினாள். எங்கள் சாய்ந்தமருதில் பெண்வீட்டார் வீடு கொடுக்க, மாப்பிள்ளை அதற்குள் வந்து குடியேறுவார். வீடு முடியாவிட்டால் கலியாணமும் இல்லை. இதைவிடப் பத்திரமான பொய் கிடையாது.

மைமூனா நல்ல மனுசி என்பதைத்தான் மறந்துவிட்டாள். அடுத்த கிழமையே மேசனோடும் மாபிள் பெட்டிகளோடும் வந்து இறங்கினார். “பாவம், ஆம்பிளப் புள்ள இல்லாத ஊடு. நாங்க பதிச்சுத் தாறம்.”

பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் மாபிள் பதிப்பதா! உலக முடிவின் அடையாளங்களில் ஒன்றோ என்று பயந்தோம். பிறகு ஆறுதலாக யோசித்ததில் விளங்கியது: பொடியனில் ஏதோ பழுது. கடைசி வீட்டு ஷாஹினா வலிப்பு என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படியும் இருக்கலாம் என்றேன், அவ்வளவுதான்.

அது றிபாவின் காதுக்குப் போய், மதிலுக்கு மேலால் அவள் தலை நீண்டது.

“அவருக்கு வலிப்புமில்ல, ஒண்டுமில்ல! முடிவ முந்திச் சொல்ற வருத்தம் மட்டும்தான். அதுக்காகத்தான் நான் வேணாமெண்டு சொன்ன. ஊட்டுக்காக இல்ல!”

அவளுக்குப் பின்னால், பதித்த மாபிளைப் பார்க்க வந்த மைமூனா நின்றிருந்தார்.

“அப்ப இதெல்லாம் என்னத்துக்கு?”

வாசலில் நின்ற சுல்பிகா தலை குனிந்தாள். புதுத் தரை அவளுடைய முகத்தையே அவளுக்குக் காட்டியது.

“மகள், என்னப் பாத்துச் சொல்லுங்க. ஜவாத் வேணுமா, வேணாமா?”

“வேணாம் மாமி.”

மைமூனா பெருமூச்சு விட்டார். “அவன் அப்பிடித்தான். என்ட மூத்த மகள், அவன்ட ராத்தாக்கு என்ன புள்ள எண்டு ஸ்கேன்ல தெரிஞ்சதும் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன். சரி, பதிச்சது கிடக்கட்டும். கிளப்பினா உடஞ்சுபோகும்.”

ஜவாத் மருதமுனையில் கலியாணம் கட்டினார். பெண்ணுக்கு நாடகமே பிடிக்காதாம். றிபாவை ஒலுவில் ஊர் றாஸிக் கட்டி, அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஷாஹினா மகளோடு கட்டாருக்குப் போய்விட்டாள். சுல்பிகாவும் புருசனும் வழக்கப்படி வீட்டை மகளுக்கு விட்டு, பின்வளவில் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள்.